குதிரைப் பாதையும் சந்தாக் காசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகள் ஒன்பது வயதில் குதிரைச் சவாரி பழகப் போனாள். கூடப் போன நான்தான் மாட்டிக்கொண்டேன். வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குக் கிழக்கே, குதிரைக்காரர் சங்கம் ஒன்றின் உள்ளூர்க் கிளைக்கு இப்போது கணக்கு எழுதுகிறேன். இந்த வருடம் குடும்பச் சந்தாவை 60 டாலரிலிருந்து 75 ஆக்கினோம். அன்றிலிருந்து தமிழ் நண்பர்கள், சேர நினைப்பவர்கள், கோபித்துக்கொண்டு விலகியவர்கள் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். வாட்ஸப்பில் தனித்தனியாகப் பதில் எழுதி விரல் தேய்ந்ததால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன்.

காட்டுப் பாதை அரசாங்கத்துடையது. அதில் குதிரை ஓட்ட நான் ஏன் ஒரு சங்கத்துக்குச் சந்தா கட்ட வேண்டும்?

கட்ட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சந்தா கட்டினால்தான் பாதையில் விடுவார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் கட்ட வேண்டியது வண்டி நிறுத்தும் அனுமதிச் சீட்டுக்கு மட்டும். மாநிலப் பூங்கா, மாநில வன நிலம் என்றால் டிஸ்கவர் பாஸ். 2011-இல் வருடத்துக்கு 30 டாலர் என்று தொடங்கியது, 2025 அக்டோபரிலிருந்து 45. தேசிய வனத்தில் பல இடங்களில் நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ், அது 30. சீட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுக் குதிரையை இறக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம்.

சந்தா வேறு காரியத்துக்கு. நீங்கள் போகும் வழியில் குளிர்காலத்தில் விழுந்த முப்பது மரங்களை யாரோ அறுத்து ஒதுக்கியிருப்பார்கள் இல்லையா, அந்தக் காரியத்துக்கு.

அதை வனத்துறை செய்யாதா?

செய்கிறது, முடிந்த அளவுக்கு. அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் 2013-இல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். தேசிய வனங்களில் 1,58,000 மைலுக்கு மேல் பாதை இருக்கிறது. அதில் வனத்துறை தானே வைத்திருக்கும் தரத்தை எட்டுவது ஏறக்குறைய கால் பங்குதான். 2016-இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். தொண்டர்களும் வெளி அமைப்புகளும் செய்யும் பாதை வேலையை இரு மடங்காக்க வேண்டும் என்பது அதன் சாரம். கூடுதல் பணத்தைப் பற்றி அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. 2025 பிப்ரவரியில் வனத்துறையில் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஆயிரக்கணக்கானவர்களை நீக்கினார்கள். பலரைப் பிறகு திரும்பக் கூப்பிட்டார்கள் என்றாலும், பருவம் தொடங்கும் முன் ஆள் சேர்த்துத் திட்டம் போடும் வேலை குலைந்ததுதான் மிச்சம்.

நம் ஊர்க் குடிமராமத்துதான் எனக்கு நினைவு வரும். ஏரி சர்க்காருடையது, கரைக்கு மண் சுமப்பது ஊர். ஒரு வித்தியாசம்: அங்கே வீட்டுக்கு ஓர் ஆள் வராவிட்டால் ஊர் கேட்கும். இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த மாதிரிச் சங்கங்கள் எப்படி வந்தன?

எல்லாருக்கும் தெரிந்தது பேக் கன்ட்ரி ஹார்ஸ்மென். 1973-இல் மொன்டானாவின் ஃப்ளாட்ஹெட் பள்ளத்தாக்கில் தொடங்கியது. ஊர்க் கிளை, மாநில அமைப்பு, தேசிய அமைப்பு என்று மூன்று அடுக்கு. குதிரைகளைக் காட்டுக்குள் விடாமல் செய்துவிடுவார்களோ என்ற பயம் இதற்குப் பின்னால் உண்டு. வழக்குப் போடுவதோடு நிற்காமல் ரம்பத்தையும் தூக்கிக்கொண்டு போனால் நம்மை வெளியே தள்ளுவது கஷ்டம் என்று கணக்குப் போட்டவர்கள் புத்திசாலிகள்.

சரி, 15 டாலர் ஏன் ஏறியது? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

சந்தா வந்ததும் மூன்றாகப் பிரியும்: தேசிய அமைப்புக்கு, மாநிலத்துக்கு, கிளைக்கு. மேல் இரண்டு அடுக்கும் தங்கள் பங்கை ஏற்றும்போது எங்களுக்குத் தகவல்தான் வரும், கேள்வி வராது. கிளையில் தங்குவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி இன்ஷூரன்ஸ்.

இந்த இன்ஷூரன்ஸ்தான் விஷயம். கணக்கு புரிய முழு எண்ணில் சொல்கிறேன். வருடப் பிரீமியம் 1,800 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 குடும்பம் இருந்தால் தலைக்கு 15 டாலர். 40 குடும்பம் விலகி 80 ஆனால் அதே பிரீமியம் தலைக்கு 22 டாலர் 50 சென்ட். இன்ஷூரன்ஸ்காரர் ஒரு காசு ஏற்றாமலே சந்தா ஏறிவிட்டது. ஏறியதைப் பார்த்து இன்னும் பத்துக் குடும்பம் விலகும், மறுபடி ஏறும். அபார்ட்மென்ட் சங்கத்தில் நாலு வீட்டுக்காரர் பராமரிப்புக் கட்டணம் கட்டாமல் இருந்தால் மீதிப் பேருக்கு லிஃப்ட் செலவு ஏறுகிறதே, அதே கதை. இங்கே நிலைமை இன்னும் மோசம்: விலகினவரை லிஃப்டில் ஏறாதே என்று சொல்ல முடியாது.

அப்படியானால் பாதையில் போகிறவர்களிடம் கட்டணம் வாங்கிவிட்டால் என்ன?

அரசு நிலத்தில் எங்களுக்கு அந்த உரிமை இல்லை. தனியார் நிலத்தின் வழியாகப் போகும் துண்டுகளில் கட்டணம் வாங்கினால் வினையே வரும். வாஷிங்டன் சட்டப்படி, பொழுதுபோக்குக்காக வருகிறவர்களைக் காசு வாங்காமல் தன் நிலத்தில் விடுகிறவருக்கு விபத்து வழக்கிலிருந்து பெருமளவு பாதுகாப்பு உண்டு. காசு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பத்து டாலருக்கு ஆசைப்பட்டு வேலியைப் பூட்டவைக்கிற கதை.

குதிரை வைத்திருப்பவருக்கு 15 டாலர் ஒரு காசா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் குதிரை வைத்திருக்காதவர்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும் கேள்வியும் இதுதான்.

500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குச் சுமார் பத்துக் கிலோ காய்ந்த புல் தின்னும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடம் அடிப்பவர் வர வேண்டும். டிரெய்லரை இழுக்க டீசல், தங்குமிட வாடகை, பல்லுக்கு வைத்தியர். விலைவாசி ஏறும்போது எல்லாம் சேர்ந்து ஏறும். இதில் எதையும் குறைக்க முடியாது. இந்த மாதம் கொஞ்சம் கம்மியாகத் தின்னு என்று குதிரையிடம் சொல்ல முடியுமா? குடும்பக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கை வைக்க முடிகிற ஒரே வரி சங்கச் சந்தாதான்.

இன்னொன்று, எங்கள் கிளையில் ரம்பம் பிடிப்பதில் கைதேர்ந்த நாலைந்து பேருக்கு வயது எழுபது. பென்ஷன் பணம். இரண்டு பேருடைய குதிரை செத்துப் பல வருடம் ஆயிற்று, வேறு வாங்கவில்லை. ஆனாலும் வருகிறார்கள். அவர்களுக்கு 15 டாலர் காசுதான்.

தொண்டர் அடிபட்டால் அரசாங்கமே பார்த்துக்கொள்ளுமாமே? அப்புறம் தனி இன்ஷூரன்ஸ் எதற்கு?

பாதி சரி. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, வனத்துறையோடு கையெழுத்துப் போட்டு வேலைக்கு வருகிற தொண்டருக்கு வேலை நேரத்தில் காயம்பட்டால், மத்திய அரசு ஊழியரைப் போலவே இழப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு. காலையில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடச் சொல்லி நான் உயிரை வாங்குவது இதனால்தான். ஆனால் கிளையின் ஞாயிற்றுக்கிழமைச் சவாரி, பள்ளிப் பிள்ளைகளுக்குக் குதிரை காட்டும் நாள், கூட்டம் நடத்தும் வாடகை மண்டபம், இவை எதுவும் அதில் வராது. குதிரை விளையாட்டில் இயல்பாக உள்ள ஆபத்துக்கு நடத்துபவர் பொறுப்பில்லை என்று வாஷிங்டனில் 1989-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, நாட்டிலேயே முதலாவது. அது வழக்கில் ஜெயிக்க உதவும். வழக்கு வராமல் தடுக்காது. வக்கீல் செலவுக்குத்தான் பிரீமியம்.

வேலை நாளில் அப்படி என்னதான் செய்கிறீர்கள்?

போன ஜூலையில் போனதைச் சொல்கிறேன். மேலே பனி அப்போதுதான் உருகியிருந்தது. எட்டுப் பேர், நாலு கோவேறு கழுதை. ஏன் அந்தக் கணக்கு என்றால், இந்த மாநிலத்தின் பல காப்பு வனங்களில் (வில்டர்னஸ், அதாவது இயற்கையாகவே விட்டுவைத்த காடு) ஒரு குழுவில் ஆளும் விலங்கும் சேர்த்துப் பன்னிரண்டுக்கு மேல் போகக் கூடாது. இங்கே அதைப் பன்னிரண்டு இதயத் துடிப்பு என்று சொல்வார்கள். நாயைக் கூட்டி வரலாமா என்று கேட்டவரிடம், நீங்கள் வீட்டில் இருந்துகொண்டு நாயை அனுப்புங்கள் என்றார் தலைவர்.

காப்பு வனத்தில் மோட்டார் எதுவும் கூடாது. 1964-இல் வந்த வில்டர்னஸ் சட்டம் அப்படி. மோட்டார் ரம்பம் கிடையாது, சைக்கிள் கிடையாது, மண் தள்ளுகிற ஒற்றைச் சக்கர வண்டிகூடக் கிடையாது. அதனால்தான் விலங்கு தேவைப்படுகிறது. ஒரு கோவேறு கழுதை 150 பவுண்டு வாக்கில் சுமக்கும். இரண்டு பக்கப் பொதியையும் கைத்தராசில் தொங்கவிட்டு எடை பார்த்துத்தான் ஏற்றுவார்கள். ஒரு பக்கம் சில பவுண்டு கூடினால் போதும், கொண்டை ஊசி வளைவில் சேணம் வயிற்றுக்கு அடியில் போய்விடும்.

நாலாவது மைலில் ஒரு டக்ளஸ் ஃபர் மரம் குறுக்கே கிடந்தது. இரண்டரை அடிக் குறுக்களவு இருக்கும். இரண்டு பேர் இழுக்கும் நீள ரம்பத்தை உறையிலிருந்து எடுத்தோம். அறுப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் மரத்தைச் சும்மா பார்க்க வேண்டும்: எங்கே தொங்குகிறது, எந்தப் பக்கம் இறுகியிருக்கிறது, அறுந்ததும் எங்கே உருளும். மேல்பக்கம் இறுகியிருந்தால் பாதி அறுத்ததும் மரம் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும், பிறகு சாமி வந்தாலும் எடுக்க முடியாது. கவ்வாமல் இருக்க, ரம்பம் உள்ளே போனதும் பின்னால் ஆப்பு அடித்துக்கொண்டே போக வேண்டும்.

எனக்கு எதிர்ப்பக்கம் பிடித்தவர் எழுபது வயதுக்காரரில் ஒருவர். நான் வேகமாக அறுக்கிற ஆசையில் இழுத்துவிட்டுத் தள்ளவும் செய்தேன். தகடு நெளிந்து கிடுகிடுவென்று ஆடியது. “இழு. விடு. அவ்வளவுதான். தள்ளுவது என் வேலையைத் திருடுவது” என்றார். விட்டேன். அதற்கப்புறம் ரம்பம் ஒரு மாதிரிப் பாட ஆரம்பித்தது. நன்றாகச் சாணை பிடித்த ரம்பத்தில் தூள் வராது. சேமியா மாதிரி நீள நீளமாக இழை வந்து காலடியில் விழும். அதைப் பார்த்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம். பிசின் ஏறி இறுகும்போது ஒரு புட்டியிலிருந்து மண்ணெண்ணெய் தடவுவார். ஒரு மரத்துக்கு நாற்பது நிமிடம். மோட்டார் ரம்பத்தில் ஐந்து நிமிட வேலை.

அன்றைக்குப் பதினோரு மரம். அறுத்ததோடு முடியவில்லை. பொதி விலங்குக்கு எட்டடி அகலமும் பத்தடி உயரமும் வழி வேண்டும் என்பதால், இரண்டு பக்கமும் கொப்புகளை நறுக்கிக்கொண்டே போனோம்.

ஒரு மரம் கிடந்தால் சுற்றிப் போய்விடலாமே?

எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள், வினையே அங்கேதான். முதல் குதிரை ஓரமாக இறங்கிப் போகும். பத்தாவது குதிரை போகும்போது அங்கே ஒரு புதுத் தடம். ஓரம் இடிந்து சரியும், மழை பெய்ததும் அந்தத் தடம் வாய்க்காலாகும். மரத்தை அறுக்க நாற்பது நிமிடம். அறுக்காமல் இரண்டு வருடம் விட்டால், அந்தச் சரிவைக் கல் அடுக்கிச் சரிசெய்ய இரண்டு நாள்.

உண்மையைச் சொல்லுங்கள், பாதையைக் கெடுப்பது குதிரைதானே?

நடக்கிற மனிதனைவிடக் குதிரை அதிகமாகக் கெடுக்கும். அரை டன் எடை நாலு சின்னக் குளம்பில் இறங்குகிறது. ஈர மண்ணில் போனால் குழி குழியாகும். எனவே பனி உருகும் மாதத்தில் தாழ்வான களிமண் பாதைகளுக்குப் போகாதீர்கள். இதைச் சொன்னால் எங்கள் உறுப்பினர்களே முகம் சுளிக்கிறார்கள்.

ஆனால் பெரிய எதிரி தண்ணீர். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பாதை வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் மழைநீர் குறுக்கே வழிந்து போய்விடும். நடுவில் குழிந்திருந்தால் நீளவாக்கில் ஓடி அரித்துக்கொண்டு போகும். பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ஒரு பழைய கைக்கணக்கு உண்டு; தாண்டினால் தண்ணீர் பாதையையே வழியாக எடுத்துக்கொள்ளும். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் மண்வெட்டி வேலைதான். படம் எடுக்க ரம்பம் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு: இந்த வட்டாரத் தேசிய வனங்களில் களை விதை இல்லை என்று சான்று பெற்ற தீவனம் மட்டும்தான் கொண்டுபோக வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தில் லத்தியை அள்ளி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். குதிரைக்காரர்கள் மீது வரும் புகாரில் முக்கால்வாசி அந்த லத்தியைப் பற்றித்தான்.

வருடத்துக்கு நூறு மணி நேரம் உழைப்பவருக்கும் அதே 75 டாலரா?

ஆமாம். அது தவறு என்பது என் கருத்து. பொதுக்கூட்டத்தில் சொன்னேன், ஓட்டெடுப்பில் தோற்றேன்.

என் வாதம் இது. தொண்டர் உழைப்பு வெறும் புண்ணியம் அல்ல, கணக்கில் பணமாகவே நிற்கிறது. இண்டிபென்டன்ட் செக்டர் என்ற அமைப்பு ஒரு மணி நேரத் தொண்டுக்கு வருடா வருடம் மதிப்புப் போடுகிறது, 2023-க்கு 33.49 டாலர். பத்துப் பேர் எட்டு மணி நேரம் உழைத்தால் 2,679 டாலர். மத்திய அரசின் பாதை மானியத் திட்டம் ஒன்று 1991-லிருந்து இருக்கிறது. பொதுவாக ஐந்தில் நான்கு பங்கை அது தரும், மீதி ஒரு பங்கை நாம் காட்ட வேண்டும். அந்த ஒரு பங்கைத் தொண்டர் மணி நேரமாகவும் காட்டலாம். அதாவது அந்த ஒரு நாள் வியர்வை, அதைப்போல நாலு மடங்கு மானியத்துக்குக் கதவு திறக்கும். (அந்தத் திட்டத்துக்குப் பணம் வருவது, காட்டில் ஓடும் மோட்டார் சைக்கிள், ஜீப் எல்லாம் போடுகிற பெட்ரோல் வரியிலிருந்து. அவர்களைப் பார்த்துத் திட்டும் குதிரைக்காரர்கள் இதை ஒரு முறை யோசிக்கலாம்.)

இவ்வளவு சம்பாதித்துக் கொடுப்பவரிடம் சந்தாவும் முழுசாக வாங்குவது எப்படி நியாயம்? எதிர்த்தவர்கள் சொன்னதிலும் விஷயம் இருந்தது: இன்ஷூரன்ஸ்காரர் மணி நேரத்தை வாங்கிக்கொள்ள மாட்டார், அவருக்குக் காசுதான் வேண்டும். உழைப்பவருக்குக் குறைத்தால், உடம்பு முடியாமல் வர இயலாதவர் தலையில் அது ஏறும். சரிதான். ஆனாலும் அடுத்த வருடம் மறுபடி கொண்டுவருவேன்.

மாநில அரசு எங்களைவிடப் பரவாயில்லை. அதன் நிலங்களில் 24 மணி நேரம் ஒப்புக்கொண்ட தொண்டு செய்தால் ஒரு வருட டிஸ்கவர் பாஸ் இலவசம்.

சந்தா ஏறாமல் இருக்க நாங்கள் என்ன செய்யலாம்?

ரெட்மண்டில் வேலை பார்க்கும் நம்மவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். மைக்ரோசாஃப்ட், தன் ஊழியர் தொண்டு செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அந்தத் தொண்டு அமைப்புக்கு 25 டாலர் கொடுக்கிறது. பத்து மணி நேரம் மண் வெட்டினால் 250 டாலர். மூன்று குடும்பச் சந்தாவைவிட அதிகம். நீங்கள் செய்ய வேண்டியது, ஆபீஸ் தளத்தில் போய் மணி நேரத்தைப் பதிவது. ஐந்து நிமிடம் ஆகும். எங்களோடு வேலைக்கு வந்து போன நம்மவர் ஆறு பேரில் பதிந்தவர் ஒருவர். மற்ற ஐவரும் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உள்ளூர்க்காரர் காசு போட்டுப் பூங்காவைக் காப்பாற்றிய இடம் ஏதாவது உண்டா?

பக்கத்திலேயே இருக்கிறது. கிர்க்லண்டில் பிரைடல் டிரெயில்ஸ் மாநிலப் பூங்கா: சுமார் 480 ஏக்கர், 28 மைல் பாதை, சுற்றிலும் வீடுகளும் கணினி நிறுவனங்களும். மாநிலத்திடம் பணமில்லாமல் பூங்கா மூடப்படும் நிலை வந்தபோது, 2000-களின் தொடக்கத்தில் அக்கம்பக்கத்தார் ஓர் அறக்கட்டளை வைத்துப் பராமரிப்புச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டார்கள். அங்கே குதிரையில் போகிறவர்களைவிட நடக்கிறவர்கள் அதிகம். நம் தாத்தா பாட்டிகள் விசாவில் வந்து ஸ்வெட்டரும் மஃப்ளருமாகக் காலை நடை போவது அங்கேதான்.

நடந்து போகும்போது எதிரே குதிரை வந்தால்?

குதிரைக்குத்தான் வழி. பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி நின்று ஏதாவது பேசுங்கள். தமிழிலேயே பேசலாம். புதருக்குள் அசையாமல் நிற்கிற உருவத்தைக் கண்டால் குதிரை மிரளும். குரல் கேட்டால் ஆள்தான் என்று தெரிந்துகொள்ளும். முதுகில் பெரிய பை, கையில் குடை இருந்தால் கட்டாயம் பேசுங்கள்.

எனக்குக் குதிரை இல்லை, ஏறவும் தெரியாது. வேலை நாளுக்கு வரலாமா?

வாருங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். தோல் கையுறை, முழுக்கை சட்டை, கணுக்கால் மூடும் பூட்ஸ், மூன்று லிட்டர் தண்ணீர். தலைக்கவசம் நாங்கள் தருவோம். ரம்பம் பிடிக்கப் பயிற்சிச் சான்று வேண்டும், அதனால் முதல் நாள் உங்களுக்குக் கொப்பு இழுப்பதும் மண்வெட்டியும்தான். சாப்பாடு அவரவர் கொண்டுவர வேண்டும். புளியோதரை வெயிலில் கெடாது, கொஞ்சம் கூடவே கட்டுங்கள், அந்த எழுபது வயதுக்காரர் போன தடவை என் டப்பாவில் பாதியைக் காலி செய்துவிட்டார். காலை ஆறரைக்கு வண்டி நிறுத்துமிடத்தில் இருப்பேன், கையெழுத்துத் தாளோடு.